திரைக்கு வெளியே நின்றவர்

கீரமங்கலம் மண்டபத்தில் சரண்யாவின் மகள் வைஷ்ணவிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் இருந்த பிள்ளை ஊசி பட்டதும் வீறிட்டது. வாயில் சர்க்கரையைப் போட்டதும் அடங்கிவிட்டது. சரண்யாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. செல்போனில் அழுகை சரியாகப் பதியவில்லையாம். பிள்ளையின் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“இப்பத்தான்க்கா நல்லா வருது! அடுத்த வாரம் சென்னையில சீரியலுக்குப் புள்ளைங்க எடுக்குறாங்க. இதைத்தான் அனுப்பப் போறேன்” என்றாள், பக்கத்தில் நின்ற மோகனப்ரியாவிடம்.

மோகனப்ரியா அவளுடைய பெரியப்பா மகள். ஏழு வயதில் ஒரு படத்தில் அழுது ஊரையே அழவைத்தவள். இப்போது வங்கியில் வேலை. அப்பா ரெங்கசாமி தன்னை அடித்து அடித்து நடிக்கவைத்த கதையைப் போன மாதம்தான் புத்தகமாகக் கொண்டுவந்திருந்தாள். சொந்தக்காரர்கள் யாரும் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெற்ற அப்பனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்று பேச மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது.

பந்திக்கு முன்னால், அவளைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து, எல்.இ.டி. திரையில் அந்தக் காட்சியைப் போட்டார்கள். படத்தில் தாய் செத்துக் கிடக்கிறாள். சின்னப்பெண் வேறு பக்கம் பார்த்துத் தேம்புகிறாள். சனம் கைதட்டியது. முன்வரிசையில் ரெங்கசாமி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆத்தா முகத்தைப் பாக்க முடியாம அங்கிட்டு திரும்பிக்கிச்சு பாருங்க. என்னா நடிப்பு!” என்று மூக்காயி அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மோகனப்ரியா இதற்கு மேல் பொறுக்க முடியாமல் மைக்கை வாங்கினாள்.

“அது நடிப்பு இல்ல அத்தை. கேமராவுக்குப் பக்கத்துல அப்பா பெல்ட்டைக் கழட்டி வச்சுக்கிட்டு நின்னாரு. நான் அவரைப் பாத்துத்தான் அழுதேன்.”

கைதட்டியவர்கள் ரெங்கசாமியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒன் நல்லதுக்குத்தானே ஆத்தா...” என்றார் ரெங்கசாமி.

“நல்லதுக்குன்னே வச்சுக்கங்கப்பா. இன்னிக்கும் நீங்க இடுப்புல கை வச்சா எனக்கு நெஞ்சு பதறுதே, அது யாரு நல்லதுக்கு?”

அவர் சட்டென்று கையை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டு தலைகுனிந்தார். அந்தக் காட்சி திரையில் மறுபடியும் ஓடியது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

சரண்யா தன் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை செல்போனைப் பார்க்கவில்லை. அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பாவி, அதை அதுவரை சரண்யா கவனிக்கவே இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டு, சிவந்திருந்த தொடையைத் தடவிக் கொடுத்தாள்.

“சென்னைக்கெல்லாம் வேணாம்க்கா” என்றாள் அழுதுகொண்டே.

ரெங்கசாமி எழுந்து வந்தார். மகள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் சரண்யாவிடம் சொன்னார்:

“புள்ளைய இனிமே தொட்டு அடிச்சுறாத ஆத்தா. பெத்துட்டோம்னு அடிக்க நமக்கு உரிமை கெடையாது. அழுகை அன்னிக்கே நின்னுரும், பயம் நிக்காது. எம் மகளுக்கு இன்னும் நிக்கலயே!”