நோட்டுக்குக் கட்டிய கயிறு

1.

இந்தக் கதை ஒரு ஸ்பானர் விழுந்ததில் பிறந்தது. விழுந்த இடம் என் அத்தானின் தலை. ஏழு தையல். ஆள் இப்போது நன்றாக இருக்கிறார். (மொட்டை தனக்கு எடுப்பாக இருப்பதாக வேறு நினைப்பு.) ஆகவே பயப்படாமல் படியுங்கள்.

2.

முதல் தொடக்கம்: ‘அன்று காற்று பலமாக வீசியது. சாரத்தின் மேல் தட்டில்—’

அடித்துவிட்டேன். அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

இரண்டாவது: ‘ஹெல்மெட்டைக் கழற்றி, அதில் போல்ட்டுகளை அள்ளிக்கொண்டு அத்தான் கீழே—’

இது உண்மை. கூடை தேடச் சோம்பல்பட்டு நாங்கள் வேலை செய்யும் கட்டடத்தில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். ஆனால் இப்படித் தொடங்கினால் பழி முழுக்க அவருக்கே போகும். அக்கா ஏற்கெனவே பத்து நாளாக விடாமல் திட்டுகிறாள்.

“போல்ட்டுக்கு அடிபடக் கூடாதுன்னு ஹெல்மெட் போட்டு விட்டீங்களாக்கும்!”

அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார்.

3.

உயரத்தில் வேலை செய்பவன் கருவியைக் கயிற்றால் மணிக்கட்டோடு கட்டிக்கொள்ள வேண்டும். மேல் தட்டில் இருந்தது நான். எனக்கு நல்ல வரி ஒன்று தோன்றியது. எழுதும்போது நோட்டு விழுந்துவிடக் கூடாதே என்று, ஸ்பானரில் இருந்த கயிற்றை அவிழ்த்து நோட்டில் கட்டினேன். நோட்டு பத்திரம். ஸ்பானர் என் முழங்கை பட்டுச் சரிந்து, குழாயில் மோதி வேகம் குறைந்து... மீதி உங்களுக்குத் தெரியும்.

(அந்த வரியைக் கேட்காதீர்கள். மறுநாள் படித்தால் சகிக்கவில்லை.)

அக்காவிடம் இதைச் சொல்ல எனக்குப் பயம். எனக்கென்று இருக்கிற ஒரே வீடு அவள் வீடு.

4.

உண்மையில் மூன்றாம் பகுதி இன்று இரவுதான் எழுதியது. இன்று மாலை முதல் இரண்டை மட்டும் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன்.

“கயிறு எங்கடா?” என்றார்.

நான் நோட்டை மூடினேன்.

“கீழ கிடந்தபடியே மேல பார்த்தேன். உன் கையில நோட்டு ஊஞ்சலாடுச்சு.”

“அக்காகிட்ட சொல்லலையா?”

“எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். உனக்கு எதுக்கு? எழுதுறதும் விடுறதும் உன் இஷ்டம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தட்டிலிருந்த பிஸ்கட்டையும் சேர்த்துத் தின்றார்.

5.

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அக்கா மன்னிக்கிறாள். மற்றதில் என் பெட்டியை வாசலில் வைக்கிறாள். எது என்று வாசகர்தான் சொல்ல வேண்டும். அந்த வாசகி இப்போது அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி வருகிறாள்.

“முடிச்சிட்டியா? கொடு, பார்க்கலாம்.”

மூன்றாம் பகுதியிலிருந்து எல்லாவற்றையும் கிழிக்க இன்னும் நேரமிருக்கிறது. கிழிக்காமல் கொடுக்கிறேன்.