தோட்டத்தையும் ஒரு நாடாக

யசோதினி யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். மலையகத்தில், கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அரசியல் விஞ்ஞானம் படிப்பித்தாள். உயர்தர வகுப்புக்கு அன்று ஆட்சிமுறைகளை ஒப்பிடும் பாடம். பலகையில் பிரித்தானியா, அமெரிக்கா, சுவிட்சர்லாந்து என்று எழுதிவிட்டுக் கேட்டாள்: ஆள்பவரைத் தெரிவு செய்வது யார்? அவரைப் பதவியிலிருந்து விலக்கக்கூடியவர் யார்?

பிள்ளைகள் தடுமாறினார்கள். கிருஷாந்தி எழுந்தாள்.

“டீச்சர், எங்க தோட்டத்தையும் ஒரு நாடா வச்சுப் பாக்கலாமா?”

வகுப்பே சிரித்தது. யசோதினியும் சிரித்தபடி வெண்கட்டியை நீட்டினாள். கிருஷாந்தி எழுதினாள். ஆள்பவர்: தோட்ட மேனேஜர் துரை. தெரிவு செய்தது: கம்பெனி. விலக்கக்கூடியவர்: நாங்க இல்ல.

சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ அதைப் போனில் படம் பிடித்தார்கள்.

மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் கிருஷாந்தியின் அம்மா வீரம்மாவுக்கு வேலை கொடுக்கவில்லை. “மகளக் கூட்டிக்கிட்டு ஆபீசுக்கு வா. துரை வரச் சொன்னாரு,” என்றார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு. வீரம்மா நேரே பாடசாலைக்கு ஓடிவந்தாள்.

“நாங்க இருக்கிற லயத்துக் காம்பரா தோட்டத்துது, டீச்சர். வெளிய போங்கன்னுட்டா நாங்க எங்க போவோம்?”

வடக்கிலிருந்து வந்தவள் பிள்ளைகளைத் தூண்டிவிடுகிறாள் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், யசோதினியின் வேலையும் போய்விடும். ஆனாலும், “பயப்பிடாதேங்கோ, நானும் வாறன்,” என்றாள்.

ஆபீசில் துரை தன் போனில் இருந்த பலகையின் படத்தைத் திருப்பிக் காட்டினார். “இதை எழுதச் சொன்னது யார்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

கிருஷாந்தி வாய் திறக்குமுன், “நான்தான். அது பாடம்,” என்றாள் யசோதினி, தெரிந்த சிங்களத்தில்.

துரை சத்தம் போடவில்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது. வீரம்மாவைப் பார்த்து, “வீட்டுல எத்தனை பேர்?” என்று தமிழில் கேட்டார்.

“அஞ்சு பேருங்க, துரை.”

தலையை ஆட்டிவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அடுத்த நாள் வீரம்மாவுக்கு வேலை கிடைத்தது. காம்பராவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் துரையின் ஜீப் சத்தம் கேட்டாலே அவள் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.

வகுப்பில் யசோதினி பிரான்சையும் இந்தியாவையும் ஒப்பிட்டாள். ஒரு கையும் உயரவில்லை. கடைசியில் கிருஷாந்தி, தலையைக் குனிந்தபடியே கேட்டாள்:

“டீச்சர், கேள்வி கேட்டவங்கள எந்தெந்த நாட்டுல என்ன செய்வாங்க?”

யசோதினி வாசலைப் பார்த்தாள். யாருமில்லை. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மெல்லிய குரலில் பதில் சொல்லத் தொடங்கினாள்.