கொஞ்சம் ஆடுகிற ஸ்டியரிங்

வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. காரணம் கேட்பவர்களிடம் உடம்பு சரியில்லை என்பேன். உண்மையில் ஒருநாள் ஒரு அழைப்பின் நடுவில் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எதிர்முனையில் ஒரு பெண்மணி தன் பிரிண்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான், அதில் கதை ஒன்றும் இல்லை.

கதை தூக்கத்தைப் பற்றியது. ஆறு வருட இரவு ஷிப்டில் நான் படுக்கையில் தூங்கியது குறைவு. விடிந்தபின் வீட்டுக்குக் கொண்டுவிடும் ஆபீஸ் வண்டியில்தான் தூங்குவேன். பெங்களூரில் ஒயிட்ஃபீல்டிலிருந்து காக்ஸ் டவுன் வரை, டெம்போ டிராவலரின் கடைசி சீட்டில், ஜன்னல் கம்பியில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு. ஓட்டுவது மஞ்சுநாத். ஆனேக்கல்காரர், பாதி கன்னடம் பாதி தமிழ். என் தெருமுனையில் நிறுத்தித் திரும்பிப் பார்க்காமலே "மனெ பந்து சார்" என்பார். வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். இறங்கி, படியேறி, அறைக்குள் விழுந்து மிச்சத்தைத் தூங்குவேன்.

இப்போது அந்த வண்டி இல்லை, தூக்கமும் இல்லை. மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் கிடைக்கும், அதுவும் அடித்துப்போட்ட மாதிரி. மற்ற நேரமெல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல இருந்தது. சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்பதுகூட ஒரு நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னார். அதைத் திரும்பச் சொல்ல விருப்பமில்லை.

பழைய டீமில் இருந்த வெங்கிதான் வழி சொன்னான். "கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்டியரிங் வாங்குடா கவின். ரெண்டு மணி நேரம் ரேஸ் கேம் ஓட்டினா கட்டை மாதிரி விழுந்துடுவ." நீளமான குறிப்பும் அனுப்பினான். ரோட்டின் அதிர்வைக் கைக்குக் கொடுக்கும் மோட்டாரை நேராக ஸ்டியரிங்கில் பூட்டியது உசத்தி, பெல்ட் போட்டது நடுத்தரம், பல்சக்கரம் வைத்தது கடைசி. பல்சக்கரம் மட்டும் வேண்டாம், கரகரக்கும் என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங் பற்றிக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் மஞ்சுநாத்தான். கூப்பிட்டதும் வந்தார். நான் வேலையை விட்ட அன்றே 'சார்' போய், பெங்களூரில் நண்பனை அழைக்கிற 'குரு' வந்திருந்தது.

பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் உமேஷ், ஓய்வு நேரத்தில் இந்த ஸ்டியரிங்குகளுக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் செய்து தருவார், பழைய செட்டுகளையும் விற்பார். நாங்கள் அங்கே போனது ஞாயிற்றுக்கிழமை, மெஷின்கள் தூங்கிக்கொண்டிருந்தன. கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கியது, அதில் இரும்புத் தூள் மெதுவாக மிதந்தது. நான் போனது கடைக்கா கனவுக்கா என்று உறுதியாகச் சொல்ல முடியாத மாதிரி ஒரு வெளிச்சம்.

இரண்டு செட்டுகள் இருந்தன. மஞ்சுநாத் கேட்காமலே முதலாவதில் உட்கார்ந்தார்.

"ஃபர்ஸ்ட் டைமா அண்ணா?" என்றார் உமேஷ்.

"பதினாறு வருஷமா ஓட்றேன்."

"இது கம்ப்யூட்டர்ல."

"ரவுண்டாதானே இருக்கு?"

அது நேர் மோட்டார் வைத்தது. முதல் வளைவிலேயே அவர் கையை உதறிவிட்டது.

"அப்பப்பா, எருமைக் கொம்பப் புடிச்ச மாதிரி இழுக்குதே!"

"அதான் அண்ணா ரியல் ஃபீல். ரோடு அப்படியே கைக்கு வரும்."

"ரோடு கைக்கு வந்தா, கை மாவுக்கட்டுக்குப் போகும்."

இரண்டாவது பல்சக்கரம். மஞ்சுநாத் அதை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்தார். ஒரு விரலளவு சும்மா போனது, அதற்கப்புறம்தான் கரகரவென்று பிடித்தது. "ப்ளே இருக்கு. என் வண்டியும் இப்படித்தான் குரு. நான் திருப்பினது டயருக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் தெரியும்."

தூணில் சாய்ந்திருந்த எனக்கு அந்தக் கரகரப்பில் இமை ஒருமுறை தானாக விழுந்தது. தூக்கம் இல்லை. தூக்கத்தின் ஓரம். ஐந்து மாதத்தில் முதல்முறை.

"இதுதான்" என்றேன்.

"சவுண்டு வரும் சார், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் உமேஷ். "இன்னொண்ணு, வீல் வச்ச சேர்ல உக்காராதீங்க. பிரேக் மிதிச்சா பெடல் அங்கயே இருக்கும், நீங்கதான் பின்னாடி போவீங்க."

வீட்டில் என்னிடம் இருந்தது அந்த நாற்காலி மட்டும்தான். பிரேக் மிதித்தேன், பின்னால் போனேன். பிறகு சக்கரங்களைப் பழைய ஷூக்களுக்குள் இறக்கி வைத்தேன். நாற்காலி நின்றது. வேறெதுவும் நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கார் சுவரில் மோதியது. கண்ணை மூடினால் அதே சுவர் வந்தது. நான்காம் நாள் இரண்டு மணி நேரத் தூக்கம் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. கீழ்வீட்டு அல்போன்சா ஆன்ட்டி மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: "ஏன்பா, மேல மாவு மில்லு வச்சிருக்கியா?"

ஆறாம் நாள் மஞ்சுநாத்துக்கு போன் செய்தேன். "மஞ்சண்ணா, அதத் திருப்பிக் கொடுத்துடணும். வண்டி எடுத்துட்டு வரீங்களா?"

"ஏன் குரு, கெட்டுப் போச்சா?"

"அது நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெட்டுப் போய்ட்டேன்."

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தார். நாலு மணிக்கு ஏர்போர்ட் சவாரி இருக்கிறது என்றார். "கழட்டறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன்." ஷூ போட்ட நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார், அதை ஒதுக்கிவிட்டு, மாடிப்படியோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து போட்டுக்கொண்டார்.

"கியர யாரு இந்தப் பக்கம் மாட்டினது?"

"வெளிநாட்டு கார். அதுல டிரைவர் இடது பக்கம் உக்காருவான், கியர் வலது கைக்கு."

"கை என்னோடதுதானே?" கியரைக் கழற்றி இடப்பக்கம் மாட்டினார். திரையில் இருந்தவனின் கை வலப்பக்கம் போனது, இவருடையது இடப்பக்கம் போனது. இருவருக்கும் அதில் தகராறு இல்லை.

திரையில் சிவப்பு விளக்கு அணைந்ததும் மற்ற கார்கள் பறந்தன. மஞ்சுநாத் ஓரமாக ஐம்பதில் போனார்.

"இது ரேஸ், மஞ்சண்ணா."

"போகட்டும் குரு. அவங்களுக்கு லாகின் டைம் ஆயிடுச்சு போல."

நான் அவருக்குப் பின்னால் கட்டிலில் சாய்ந்தேன். அங்கிருந்து திரை பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதியில் அவருடைய பின்னந்தலை, வெளுத்த சட்டைக் காலர், காதோரம் ஒரு மச்சம். அதற்கு மேலே கொஞ்சம் சாலை. ஆறு வருடமும் சாலை எனக்கு இப்படித்தான் தெரிந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்து என்ன ஆகப்போகிறது? என் இடம் இதுதான்.

கரகரத்துக்கொண்டு சாலை வளைந்தது. நேரான ஓர் இடத்தில் அவர் திடீரென்று வேகத்தைக் குறைத்தார்.

"ஏன்?" என்றேன். என் குரல் தூரத்தில் கேட்டது.

"ஹம்ப் இருக்கும்னு நெனச்சேன்."

இருந்தது. வண்டி மெல்ல ஏறி இறங்கியது. பார்வையாளர் மாடங்கள் நகர்ந்து எங்கள் பழைய வழியில் வரும் டின் ஃபேக்டரி பஸ் ஸ்டாப் ஆயின, கொடி அசைத்தவன் பூக்கூடையோடு ஒதுங்கி நின்றான். தொங்கு பாலத்தின் கம்பிகள் ஒவ்வொன்றாக ஜன்னலில் போயின. எண்ணத் தொடங்கினேன். மூன்றுக்கு மேல் எண்ணவில்லை.

"மனெ பந்து சார்."

எழுந்தபோது வெயில் எதிர்ச்சுவருக்குப் போய் ஆரஞ்சாகியிருந்தது. கன்னத்தில் எச்சில் காய்ந்திருந்தது. திரையில் கார் புல்லில் ஒதுங்கி நின்றது, பக்கத்தில் யாரும் இல்லை. மணி ஆறரை.

"ஏர்போர்ட்டு?"

"வேற வண்டிக்குக் கொடுத்துட்டேன்." விரல்களை நெட்டி முறித்தார். "இத எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. பெட்ரோல் தீந்து அதுவா நின்னுது."

நிறுத்த ஒரே ஒரு பொத்தான். அவர் கண்ணெதிரே இருந்தது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

"என்ன, கழட்டிடலாமா?"

"வேண்டாம். அடுத்த ஞாயிறு வருவீங்களா?"

"காலைல டியூட்டி. மதியம் பாக்கலாம் குரு." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். கீழே அல்போன்சா ஆன்ட்டி அவரை நிறுத்தி, மில்லுக்காரர் நீங்கதானா என்று விசாரிப்பது கேட்டது.

முகம் கழுவிவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன் நின்றேன். ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பெட்ரோல் போடுகிற இடம் எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து, டேங்கை முழுசாக நிரப்பி வைத்தேன்.