சனியை நேராகப் பார்த்த கண்ணம்மா

“சனியை எதுக்கும்மா எங்க ஊட்டுக்குக் கூட்டியாந்தே?”

கட்டுப் போட்ட காலோடு மாடிப்படியில் நின்றுகொண்டு கஜபதி இதைக் கேட்டபோது, ரெனிதாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள். மனிதர் விளையாடவில்லை.

கூட்டிக்கொண்டு வருவதற்குச் சனி என்ன பால் பாக்கெட்டா? நூற்றிருபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் அது பாட்டுக்குச் சூரியனைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. கொரட்டூரில் இப்படி ஒரு குடியிருப்பு இருப்பதோ, அதன் இரண்டாம் மாடியில் கஜபதி என்று ஒருவர் இருப்பதோ அதற்குத் தெரியவே தெரியாது.

நடந்தது இவ்வளவுதான். ரெனிதாவிடம் ஒரு சின்னத் தொலைநோக்கி இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். ஐப்பசி பிறந்துவிட்டால் மேகம் வந்து வானத்தை மூடிக்கொள்ளும். புரட்டாசியில் மழை விட்ட சாயங்காலங்கள்தான் அவளுக்கு மிச்சம். அமாவாசையன்று வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மறந்துபோன துணியை எடுக்க இருட்டிய பிறகு மேலே வந்த கண்ணம்மா, கஜபதியின் மனைவி, தானாகத்தான் பக்கத்தில் வந்தாள்.

“இன்னா ரெனி, அதுல இன்னா தெரியுது?”

“உங்க நட்சத்திரம் என்னக்கா?”

“உத்திரட்டாதி.”

ரெனிதா கிழக்கே கையை நீட்டினாள். “அதோ, பெரிய சதுரம் தெரியுதா? மேல இருக்கிற ரெண்டும் பூரட்டாதி. கீழ இருக்கிற ரெண்டும் உங்களோடது.”

கண்ணம்மா வாயில் கவ்வியிருந்த துணிக் கிளிப்பை எடுத்தாள். “அர்ச்சனைக்குச் சொல்றதோட சரி. அது மெய்யாலுமே மேல கீதா?”

அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “வலது பக்கம் கீழே, மஞ்சளா, மினுக்காம ஒண்ணு கீதே?” என்றாள்.

“அது சனி.”

கண்ணம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு சட்டென்று பக்கவாட்டில் திரும்பிவிட்டாள். “ஐயோ, சொல்லக்கூடாதா! கோயில்லயே நேரா நிக்க மாட்டோம். இப்படிச் சைடுல நின்னு கும்புட்டுக்கினு நகர்ந்துடுவோம்.”

“அப்ப வேணாம்க்கா.”

“இரு, இரு. ஒத்தக் கண்ணாலதானே பாக்கணும்? பாதிக் குத்தம்தான்.”

குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. இந்த வருஷம் சனியின் வளையம் அகலம் காட்டாமல், விளிம்பு மட்டும் தெரியும்படி இருந்தது. “மணியில ஊசி கோத்தாப்புல கீதுடி. எம்மா அழகு! இதுக்கா இவ்ளோ நாளு பயந்தோம்?” என்றாள். கீழே வீட்டில் துணியைப் போட்டுவிட்டு வந்து மறுபடியும் பார்த்தாள். மறுநாளும் வந்தாள்.

அடுத்த வாரம், வேலை முடிந்து வரும் வழியில், கஜபதி ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டி, தெருவில் யாரோ தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் விழுந்தார். பள்ளத்தைச் சுற்றி ஒரு தடுப்பு இல்லை. மேலே விளக்கும் எரியவில்லை. தோண்டியவனை யாரும் கேட்கவில்லை. ரெனிதாவைக் கேட்டார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, அதற்கென்றே ஒரு கூட்டம் நடந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சம்பத் தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா, நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, உங்களுக்கு ஒண்ணுமில்ல. எங்களுக்கு இதெல்லாம் இருக்கு. குடும்பப் பொம்பளையைக் கூப்பிட்டு இதைக் காட்டலாமா? மாடியை இனிமே ஆறு மணிக்குப் பூட்டிடலாம்னு இருக்கோம்.”

ஆறு மணிக்கு எந்த நட்சத்திரம் வரும்? ரெனிதாவுக்குக் காது சுட்டது.

“போன வருஷம் நீங்க இதே படியில வழுக்கி விழுந்தீங்களே அங்கிள், அப்ப எந்தக் கிரகத்தைப் பார்த்தீங்க?”

பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக்கினார்கள். அம்மா லூர்தம்மாள் அவள் துப்பட்டாவை இழுத்தாள். “விடுடி. வாடகைக்கு இருக்கோம்.”

“வாடகைக்கு இருந்தா? செய்யாததைச் செஞ்சேன்னு ஒத்துக்கணுமா? நான் யாரையும் கூப்பிடல. வந்தவங்களுக்குக் காட்டினேன்.”

“வாயப் பாரு,” என்றார் கஜபதி. “என் ஊட்டுக்காரி தானா வந்து சனியைப் பாப்பாளா? இன்னா பேச்சு இது?”

சம்பத் கையைத் தூக்கினார். “சரி, ஒரே கேள்வி. தானா வந்தேன்னு அந்தம்மா சொல்லட்டும். மாடியைப் பூட்டல. விஷயத்தை இதோட விட்டுடறோம்.”

எல்லாத் தலைகளும் தூண் பக்கம் திரும்பின. கண்ணம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

“சொல்லுங்கக்கா. மணியில ஊசி கோத்தாப்புலன்னு சொன்னீங்களே. மறுநாளும் வந்தீங்களே. நானா கூப்பிட்டேன்?”

கண்ணம்மா கணவனின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள். கஜபதி கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

தூணை விட்டு அவள் நகர்ந்தாள். படிக்கட்டுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு கார்களுக்கு நடுவே, ரெனிதாவைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ரெனிதா அசையாமல் நின்றாள்.

அருகில் வந்ததும் கண்ணம்மா முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டு, உடம்பை ஒருக்களித்து, பக்கவாட்டாகவே ஓரடி ஓரடியாக அவளைக் கடந்தாள். கடந்த பிறகும் திரும்பவில்லை. படியேறிப் போனாள்.