பலகையில் ஏறிய நெடுவாலி

"மாப்பிள்ளைக்குக் கடையில மூக்குக்கண்ணாடி வியாபாரம். லீவு நாள்ல புழு." மாமனார் தன் மருமகனை யாருக்கு அறிமுகம் செய்தாலும் இப்படித்தான் செய்வார். சொல்லும்போது குரலில் குறையும் இருக்காது, பெருமையும் இருக்காது. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற குரல் அது.

வீட்டோடு மாப்பிள்ளை என்பதால் அவனும் மறுத்துப் பேசுவதில்லை. வேறு வீடாக இருந்தாலும் பேசியிருக்க மாட்டான். கடையில்கூடப் பவரைச் சோதித்து லென்ஸை வெட்டிக் கொடுப்பதோடு சரி. இந்த ஃபிரேம் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால் முதலாளியைக் கூப்பிட்டுவிடுவான்.

ஊருக்கு வெளியே, பழைய கல்குவாரிக் குட்டையைச் சுற்றி வளர்ந்த புதர்க்காட்டை வேலி போட்டுக் காப்பிடமாக்கியிருந்தார்கள். ஞாயிறு காலையில் ஒரு கூட்டம் அங்கே கூடி, என்னென்ன செடி, என்னென்ன பூச்சி என்று பார்த்துப் பதிவு செய்யும். சம்பளம் கிடையாது. தலைவர் ஒரு பல் டாக்டர். வாசலில் இருந்த தகரக் கொட்டகைக்குள் ஒரு வெள்ளைப்பலகை மாட்டியிருந்தார். சந்தேகமில்லாமல் தெரிந்த உயிர்கள் மட்டுமே அதில் ஏறும், பக்கத்தில் கண்டுபிடித்தவர் யார் என்பதும் இருக்கும். பாதிப் பலகையில் பேங்க் அக்காதான். பேங்கில் கேஷ் கவுன்ட்டரில் உட்காருகிறவள். கள்ளநோட்டைப் பார்க்கிற கண், பூச்சி தப்புமா?

மாப்பிள்ளை பலகையில் இல்லை. ஒருமுறைகூட ஏறியதில்லை. பூச்சி அவன் கண்ணிலும் படும். ஆனால் "அதோ" என்று வாயைத் திறக்க அவனுக்கு ஆகிற நேரத்தில் அது அடுத்த புதருக்குக் குடிபோயிருக்கும். எடுக்கிற படமெல்லாம் புகை மண்டலம். அவன் கூட்டத்தில் சேர்ந்தபின் மழைக்காலம் முடிந்து வெயிலும் வந்துவிட்டது. ஒரே ஒரு வரி போதும் என்று இருந்தான். பார்க்கச் சின்ன ஆசை. அது அவனைச் சாப்பிட விடாமல் படுத்திய பாடு அவன் மனைவிக்குத்தான் தெரியும்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டு எலுமிச்சைப் புதரில் ஒரு பச்சைப் புழுவைப் பார்த்தான். பார்த்த வேகத்தில், தானே எதிர்பாராமல், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டான். "இது நெடுவாலி."

நெடுவாலி என்பது வால் நீண்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி. அந்தக் காட்டில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், பார்த்தேன் என்று சொல்ல ஆள் கிடையாது.

பேங்க் அக்கா குனிந்து பார்த்தாள். "எலுமிச்சைச் செடியில இருக்குற சாதாப் புழுவும் இதே மாதிரிதானே தம்பி இருக்கும்? இது நெடுவாலின்னு நெத்தியில எழுதியிருக்கா?"

"எனக்கு... அப்படித்தான் தோணுது."

டாக்டர் சிரித்தார். "வாயைத் திறந்துட்டாருல்ல, அதுவே பெரிசு. வீட்டுக்குக் கொண்டுபோய் வளத்துப் பாருங்க தம்பி. இறக்கை வரட்டும். வந்தா நானே என் கையால பலகையில எழுதுறேன்."

புழு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வீடு வந்து சேர்ந்தது. மாமியார் பெரிய மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் அது வாசற்படியைத் தாண்டியிருக்காது. மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள், எதைக் கண்டும் முகம் சுளிக்காதவள். டப்பா மூடியில் ஊசியால் ஓட்டை போட்டுக் கொடுத்தாள். மாமனார் மட்டும் தள்ளி நின்றார்.

"இது என்ன சாப்பிடும்?"

"எலுமிச்சை இலை மாமா. இளசா."

"எவ்வளவு?"

"நிறைய."

அன்று மாலையே புழு ஒரு கொத்து இலையைத் தின்று முடித்துவிட்டு டப்பாவின் சுவரை மேய்ந்துகொண்டிருந்தது. பசியோடு ஒரு ஜீவன் வீட்டில் சுற்றுவதை மாமனாரால் பொறுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் தொட்டி எலுமிச்சை இருந்தது. அந்த வீட்டோடு தண்ணீர்க் குழாய் விஷயத்தில் நெடுநாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. மறுநாள் காலை மாமனார் அங்கே போய்க் கதவைத் தட்டி, "நாலு இலை வேணும், மாப்பிள்ளைக்கு" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளைக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று அவர்கள் முடிவு செய்து, இலையோடு மோரும் கொடுத்தனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு புழு மாமனாருடையதாகிவிட்டது. பகலில் மற்ற இருவரும் வேலைக்குப் போய்விட, அவர்தான் காவல். ஒருமுறை இலையை மாற்றும்போது கை பட்டதில், புழு தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாற்றம் விட்டது. அவர் கடைக்குப் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, இது என்கிட்டயே கொம்பு காட்டுது."

"பயந்துபோனா அப்படித்தான் மாமா பண்ணும்."

"யாரு, நானா?"

பிறகு ஒருநாள் புழு தின்பதை நிறுத்தியது. ஒரு குச்சியில் ஏறி, இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு சாய்ந்து, கூடாகிப்போனது. மாமனார் தன் நாற்காலியை டப்பாவுக்கு எதிரே போட்டுக்கொண்டார். பேப்பர் படிப்பதும் அங்கே, காய் நறுக்குவதும் அங்கே. "பிளாட்பாரத்துல ரயிலுக்குக் காத்துக்கிட்டு இருக்குற மாதிரி இருக்காரு அப்பா" என்று மகள் சொன்னாள். "அறிவிப்புதான் இன்னும் வரல."

வெள்ளிக்கிழமை பகலில் வந்தது.

"மாப்பிள்ளை, வந்துடுச்சு" என்றார் போனில்.

அவன் கையிலிருந்த லென்ஸை மேசையில் வைத்தான். "நெடுவாலியா மாமா? வால் இருக்கா?"

மறுமுனையில் டப்பா மூடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க நேர்ல வந்து பாருங்களேன்."

டப்பாவுக்குள் கூடு காலியாக நின்றது. அதன் பக்கவாட்டில் கத்தரித்தாற்போல ஒரு வட்ட ஓட்டை. மூடியின் உட்புறத்தில் செம்மஞ்சள் உடம்பும் கறுப்பு இறக்கையும் கொடி மாதிரி இடுப்புமாக ஒரு குளவி நடந்துகொண்டிருந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. காட்டில் இருக்கும்போதே தாய்க்குளவி புழுவுக்குள் முட்டையிட்டுவிட்டது. அந்தக் குஞ்சு, புழுவுக்குள்ளேயே இருந்து, கூட்டுக்குள் புழுவைத் தின்று தீர்த்து, வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகத் தான் வெளியே வந்திருக்கிறது.

மாமனாரிடம் இதை விளக்கினான்.

"ஆக, நான் இலை பறிச்சுப் போட்டது இதுக்கு."

"ஆமா மாமா."

"டிக்கெட் எடுத்தது ஒருத்தன், உட்கார்ந்து வந்தது இன்னொருத்தன்." ராத்திரி அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார். பல்வலி என்றார்.

மனைவி குளவியை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் போகவிட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து, பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டாள். "பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானாலும், குரங்கும் ஒரு உயிர்தானே. ஞாயித்துக்கிழமை டாக்டர்கிட்டக் காட்டுங்க."

"காட்டி என்ன பண்றது? எல்லார் முன்னாடியும் நெடுவாலின்னு சொல்லிட்டேன். அதிசயமா ஒரு தடவை வாயைத் திறந்தேன்."

பல்வலி நிஜம்தான். சனிக்கிழமை மாமனார் டாக்டரிடம் போய் வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "அடைச்சுட்டாரு" என்றார். ஞாயிறு காலை பார்த்தால், இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நிற்கிறார். "நானும் வரேன் மாப்பிள்ளை. அந்தக் காடு எப்படித்தான் இருக்குன்னு பார்க்கணும்."

கொட்டகைக்குள் நுழைந்ததும் யாரோ கை தட்டினார்கள். அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் மாமனாரைத் தவிர யாரும் இல்லை.

பலகையில், டாக்டரின் கோணல் கையெழுத்தில், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி இருந்தது. நெடுவாலி. கண்ணாடிக்கடைத் தம்பி.

"நான்தான் உங்களை நக்கல் பண்ணேன்" என்றாள் பேங்க் அக்கா. "தப்புதான் தம்பி. ஆனா வந்ததை ஒரு படம் பிடிச்சிருக்கலாமே, அதுக்குள்ள பறக்க விட்டுட்டீங்களாமே? உங்க மாமனார்தான் நேத்து டாக்டர்கிட்டச் சொன்னாராம்."

மாமனார் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார். அவன் அவரை வெளியே அழைத்துப் போனான்.

"என்ன மாமா இது?"

"நான் எதுவும் சொல்லல மாப்பிள்ளை. என்னைச் சாய்ச்சுப் படுக்க வச்சு, வாய் நிறைய பஞ்சு. அந்த மிஷின் வேற கொர்ருங்குது. அந்த நேரம் பார்த்து, 'மாப்பிள்ளையோட கூட்டுலேர்ந்து பூச்சி வந்துச்சா'ன்னு கேக்குறாரு. வந்துச்சுதானே? தலையை ஆட்டினேன். 'நெடுவாலிதானா'ன்னாரு. பல்லைக் குடைஞ்சுக்கிட்டு இருக்குறவர்கிட்ட மறுத்துத் தலையாட்ட முடியுமா? ஊசி எங்கயாவது போயிடும்."

"பஞ்சை எடுத்தப்புறம்?"

மாமனார் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எடுத்தப்புறம்தான் அவரு, 'உங்க மாப்பிள்ளை சாதாரண ஆள் இல்ல சார், கண்ணு கூர்மை'ன்னாரு. அதை நான் இதுவரைக்கும் யார் வாயிலயும் கேட்டதில்ல. அதனால, 'பறந்துபோச்சு'ன்னுட்டேன். பறந்தது பறந்ததுதான், திரும்பி வந்து சாட்சி சொல்லவா போகுது? மாப்பிள்ளை, ஒரு வார்த்தை. நீங்களும் பேசாதவரு. பேசாமலே இருந்துடுங்களேன்."

அது சுலபம். அவனுக்கு அதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் கிடையாது. கதவு வழியாகப் பலகை தெரிந்தது. எத்தனையோ நாள் மனதுக்குள் எழுதிப் பார்த்த வரி. டாக்டரின் கையெழுத்தில் அது இன்னும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை நம்பி நாளைக்கு யாராவது காமிராவும் கையுமாக வந்து, அந்தப் புதரடியில் நாள்முழுக்க உட்காருவார்கள். வராத ஒன்றுக்காக. அப்படிக் காத்திருந்த ஒருவரை அவன் வீட்டிலேயே பார்த்திருந்தான்.

உள்ளே போனான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேச வராததால், ஆணியில் தொங்கிய துணியை எடுத்து அந்த வரியை அழித்தான்.

டாக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பி, என்ன பண்றீங்க?"

அவன் பையிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்து நீட்டினான். "இதுதான் டாக்டர் வந்துச்சு. நெடுவாலி வரல. கூடு இந்த டப்பாவுல இருக்கு. புழு எதுன்னு... எனக்கு நிச்சயமாத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது."

மாமனார் வாசலில் நின்று, கூரையைப் பார்த்தபடி, "தப்பு என்மேலதான்" என்றார்.

டாக்டர் பையைத் துழாவி, பல் பார்க்கும்போது போட்டுக்கொள்கிற பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கூட்டின் ஓட்டையை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"வெளிய வந்ததை யார் பார்த்தது?"

"மாமா."

டாக்டர் அதே கண்ணாடியோடு மாமனாரைப் பார்த்தார். "நேத்து நெடுவாலின்னு தலையாட்டின அதே மாமாதானே?"

"நேத்து என் வாயில உங்க கை இருந்துச்சு டாக்டர். இன்னைக்கு இல்ல. கேளுங்க, சொல்றேன்."

சொன்னார். காலையில் கூடு கறுத்தது, உள்ளே சுரண்டுகிற சத்தம், முதலில் ஒரு புள்ளி, புள்ளி வட்டமானது, வட்டத்திலிருந்து மீசை, மீசைக்குப் பின்னால் தலை, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வெளியே வந்து இறக்கையைத் துடைத்தது. சந்தேகப் பிரயாணியின் அடையாளத்தைச் சொல்வதுபோல ஒன்று விடாமல் சொன்னார். அவர் முடித்தபோது எல்லோரும் குழாயைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"எனக்கு இது என்ன குளவின்னு தெரியல" என்றார் டாக்டர். அவர் குரலில் குதூகலம் இருந்தது. "குளவி தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு, கேக்கலாம். ஆனா எந்தச் செடி, எந்த மாதிரிப் புழு, எப்படி வந்துச்சுன்னு முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் கூட இருந்து பார்த்த பதிவு நம்மகிட்ட ஒண்ணுகூடக் கிடையாது. நாம எல்லாரும் போற போக்குல பார்க்குறவங்கதானே?"

"பேர் தெரியாததுக்கும் பலகையில இடம் உண்டுன்னா எனக்கு இன்னும் நாலு வரி இருக்கு டாக்டர்" என்றாள் பேங்க் அக்கா.

"அதையெல்லாம் வீட்டுல வளத்துப் பார்த்தீங்களா?"

"எங்க வீட்டுல இப்படி ஒரு மாமனார் இல்லையே."

டாக்டர் பேனாவை எடுத்தார். 'காட்டு எலுமிச்சைப் புழுவிலிருந்து குளவி ஒன்று, பெயர் பின்னால்' என்று எழுதி, பக்கத்தில் 'கண்ணாடிக்கடைத் தம்பி' என்று போட்டார். மாமனார் தொண்டையைச் செருமினார். டாக்டர் அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், 'மற்றும் மாமனார்' என்று சேர்த்தார்.

இப்படி ஒருநாள் நடந்தால் தனக்கு என்னென்னவோ ஆகும் என்று அவன் நினைத்திருந்தான். அப்படி ஒன்றும் ஆகவில்லை. நன்றாகப் பசித்தது. இரண்டு நாள் கழித்து இப்போதுதான் பசித்தது. யாரோ நீட்டிய பிஸ்கட்டை வாங்கித் தின்றுகொண்டே எல்லோரோடும் காட்டுக்குள் நடந்தான்.

மாமனார் முன்னால் போய்விட்டிருந்தார். ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டு போனவர், ஒரு புதரடியில் நின்று கைகாட்டினார்.

"மாப்பிள்ளை, இங்க ஒண்ணு இருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். "பறவை எச்சம் மாமா."

"எச்சம் அசையுமா?"

"அசையாது."

"இது இப்போ அசைஞ்சுது."

"காத்துல இலை அசைஞ்சிருக்கும்."

"நான் இலையைச் சொல்லல."

மற்றவர்கள் பேசிக்கொண்டே வளைவைக் கடந்து போய்விட்டார்கள். இருவரும் குந்தி உட்கார்ந்து, இலையின் மேல் மூச்சுப் படாமல், அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.