குணமாகும் என்று சொன்ன குரல்

பெங்களூர்க் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது சுகிர்தா தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். சேரன்மகாதேவியில் பஸ் ஹாரன் கேட்காத இடம் அந்தப் போர்வைக்குள்தான். மனசுக்குத் தேறுதல் சொல்லும் அந்தக் கம்பெனியின் செல்போன் செயலிக்குத் தமிழ்க் குரல் அவளுடையது.

"மேடம், 'மனச்சோர்வு குணமாகும், மருந்தே வேண்டாம்'னு வர்ற இடத்தை 'மனசு லேசாகும்'னு மாத்திப் பேசிக் கொடுங்க. ஆதாரம் கேட்டு கவர்மெண்ட்ல இருந்து நோட்டீஸ் வந்திருக்கு."

"ஆதாரம் இருக்குல்லா?"

"இருந்தா ஏன் மேடம் மாத்தப் போறோம்?" சிரிக்க வேறு செய்தான் அந்தப் பாவி.

"இதுவரைக்கும் கேட்டவங்களுக்கு யாரு சொல்லுவா?"

"அப்டேட் பண்ணா தானா மாறிடும்."

சுகிர்தா போர்வையை உதறி எழுந்தாள். தம்பி எபனேசர் மூன்று வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். கொஞ்ச நாளாகக் காதில் இயர்போனை மாட்டியபடி அக்காவின் குரலையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கும் பெருமைதான். அந்தப் பெருமையில் அவன் தூங்காததும், தட்டில் சோறு காய்ந்து கிடந்ததும் அவள் கண்ணில் படவே இல்லை. நல்ல அக்கா!

ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே கிடந்தன.

எபனேசர் கூடத்தில் நடந்துகொண்டிருந்தான். சுவர் வரை போவான், திரும்புவான், மறுபடி போவான்.

"ஏலே, மாத்திரைய ஏன் நிறுத்தின?"

"நீதானக்கா வேண்டாம்னு சொன்ன."

"அது அவங்க எழுதிக் கொடுத்தது. நான் வாசிச்சேன், அவ்வளவுதான். அத்தனையும் பொய்லே. கிளம்பு, டாக்டரப் பார்ப்போம்."

நடை நின்றது. "நீ என்னைய நெனச்சுச் சொல்லுதன்னுல்லா நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் முகம் தெளிந்துவிடும். ஆனால் இந்த ஜென்மத்தில் அந்தச் செயலியை விடமாட்டான். அந்த வரியைப் பேசும்போது மூச்சு வாங்கிவிடக் கூடாதே என்ற கவலையைத் தவிர அவள் மனதில் வேறெதுவும் இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

"இல்லலே," என்றாள். "உன்னைய நெனக்கவே இல்ல."

 எபனேசர் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினான்.

பாளையங்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரமாக அவனுக்கு இடம் பிடித்து வைத்தாள். எபனேசர் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு முன்னால் போய், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டான்.