நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு ஜெர்மன் காரும்

1

"ஜெர்மன் வண்டி செவ்வந்தி. கதவ சாத்துனா சத்தத்தக் கேளு. டொம்முனு சாத்தும்."

"நம்ம வூட்டு பீரோ கூட டொம்முனுதான் சாத்துது."

"பீரோவுல ஏறி ஊருக்குப் போவ முடியுமா?"

"எந்த ஊருக்கு?"

அந்த ஆள் டீயை ஊதிக் குடிக்கும் சத்தம் கேட்டது.

இந்தக் கதைக்கு என்னிடமிருந்த கைமுதல் இவ்வளவுதான். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறுவதற்காக நின்றபோது, டீக்கடையில் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் என் பஸ் வந்துவிட்டது. "எந்த ஊருக்கு?" என்று அந்தப் பெண் கேட்ட விதம் மட்டும் கள்ளக்குறிச்சி வரைக்கும் டிக்கெட் எடுக்காமல் கூடவே வந்தது. தெரியாததைக் கேட்பவள் அப்படிக் கேட்க மாட்டாள்.

செவ்வந்தி என்ற பெயர் அவன் கூப்பிட்டது. ராஜாங்கம் என்று அவனுக்கு நான் வைத்தேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. குறை இருந்தால் அவர்களைத் திட்டாதீர்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

ராஜாங்கம் அந்தக் காரைப் பார்த்த கணத்தில் அவன் நெஞ்சுக்குள் ஆயிரம் வயலின்கள்—

(வேண்டாம். என் பழைய கதாநாயகர்கள் பெண்ணைப் பார்த்ததும் கேட்கும் வயலின்கள் அவை. பயன்படுத்திய காருக்கு, பயன்படுத்திய வயலினா?)

இரண்டாவது:

நெடுஞ்சாலையில் சாம்பல் நிறக் கார் ஒன்று விரைந்தது. அதனுள்ளே ஒரு ரகசியம்—

(ஒரு ரகசியமும் இல்லை. உள்ளே இருந்தது ராஜாங்கத்தின் அக்கா ரங்கம்மாளும் அவளுடைய மஞ்சப்பையும்.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ராஜாங்கம் கள்ளக்குறிச்சியில் பந்தல் காண்ட்ராக்டர். கூலிக்குப் பந்தக்கால் சுமந்தவன், இன்று சொந்தமாக ஷாமியானா, சேர், சீரியல் செட் எல்லாம் வைத்திருக்கிறான். கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் பந்தல் போடப் போன இடத்தில் செவ்வந்தியைப் பார்த்தான். சாமை விளைகிற மலைக்காட்டுக்காரர் மாதனின் ஒரே மகள். மாதன் மறுப்புச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு முழு நாவலே கிடைத்திருக்கும்; அந்த மனிதர் "பொண்ணுக்குப் புடிச்சிருந்தா சரி" என்று சொல்லி என் பிழைப்பில் மண்ணைப் போட்டார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்காகப் பேசியிருந்த கார் வரவில்லை. நல்ல நேரம் போகிறதே என்று ராஜாங்கம் தன் லோடு வண்டியிலேயே, அடுக்கிய பிளாஸ்டிக் சேர்களின் உச்சியில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து மலையேறினான். பெண் வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மாப்ள சேரோடவே வந்துட்டாரு, ஒக்கார எடத்துக்குக் கவலையில்ல" என்றார் ஒருவர். ராஜாங்கமும் சிரித்தான். உள்ளே மட்டும் ஒன்று முடிவு செய்துகொண்டான்: அடுத்த முறை இந்த மலையில் ஏறினால் சொந்தக் காரில்தான்.

அடுத்த முறை என்பது மறுவீடு. மாதன் வீட்டு வழக்கத்தில் மகளும் மருமகனும் சேர்ந்து வந்து மறுவீட்டு விருந்து சாப்பிட்டால்தான், பெண்ணைப் பெற்றவர்கள் மருமகன் வீட்டு வாசற்படியை மிதிப்பார்கள்.*

ராஜாங்கம் சொன்னான்: "கார் வரட்டும்."

வருஷங்கள் வந்தன. கார் வரவில்லை.

மாதன் சந்தைக்கு இறங்கும் நாட்களில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பார். செவ்வந்தி போவாள். அப்பாவும் மகளும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து போண்டா சாப்பிடுவார்கள். "மாப்ள நல்லா கீறாரா?" என்பார். மலை பஸ் வந்ததும் ஏறிக்கொள்வார். மகள் வீடு அங்கிருந்து ஒரு கூப்பிடு தூரம். அதன் சுவர் என்ன நிறம் என்று அவருக்குத் தெரியாது.

* இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்காதீர்கள். மாதனும் அதைத்தான் சொல்வார்: "எனக்கு இன்னா தெரியும்? எங்கப்பாரும் எங்கக்கா வூட்டு வாசல்ல அப்டிதான் நின்னாரு."

3

செவ்வந்தியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

என் கதாநாயகிகள் மூன்றாம் பக்கத்தில் கண் கலங்குவார்கள், ஏழாம் பக்கத்தில் மனதில் உள்ளதைக் கொட்டுவார்கள். வாசகர்களும் அதற்குத் தயாராகக் கைக்குட்டையோடு இருப்பார்கள். இவள் இரண்டும் செய்யமாட்டேன் என்கிறாள். இவளுக்குள் ஒரு கேள்வி பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. சோறு போடும்போது, "ஏங்க, நான் ஒண்ணு கேக்கணும்…" என்று ஆரம்பிப்பாள். மலைப் பேச்சுதான் வரப்போகிறது என்று ராஜாங்கத்துக்குத் தெரிந்துவிடும்.

"கார் வரட்டும் செவ்வந்தி" என்பான்.

அவள் ரசத்தை ஊற்றுவாள்.

அவளைப் பேச வைக்க நான் படாத பாடில்லை. மழை பெய்ய வைத்தேன். மல்லிகை வாங்கி வரச் செய்தேன். கடைசியில் கரண்டையே நிறுத்தினேன். இருட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாக, பக்கத்தில் பக்கத்தில்! அவள் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு வந்து, "கொசுவத்தி கம்மியா கீது, நாளைக்கு மறக்காம வாங்கியாங்க" என்றாள்.

இவளை மாற்றிவிட்டு வேறு பெண்ணைப் போடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் பீரோ வசனம் இவளுடையதாயிற்றே.

4

சடையன் பழைய கார் புரோக்கர். உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரம் தகரக் கொட்டகை போட்டிருக்கிறான். அங்கேதான் அந்தக் கார் நின்றது. (கம்பெனிப் பெயரை எழுத மாட்டேன். எங்கள் பக்கத்தில் 'ஜெர்மன்' என்பதே ஒரு கம்பெனிதான். விலையையும் எழுத மாட்டேன்; எழுதினால் நீங்கள் கதையை விட்டுவிட்டுப் பேரம் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.)

"ஒரே ஓனருங்க" என்றான் சடையன். "மெட்ராஸ்ல டாக்டரு. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் எடுப்பாரு. அதுவும் கோயிலுக்கு."

"அப்பறம் இன்னாத்துக்கு வித்தாரு?" என்றாள் செவ்வந்தி.

"புள்ள ஜெர்மனிக்கே போய்ட்டாருங்க. இவரும் கூடவே போய்ட்டாரு."

"ஜெர்மனிக்குப் போறவங்க ஜெர்மன் கார இங்க வுட்டுட்டா போவாங்க?"

சடையன் ராஜாங்கத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். "பார்ட்ஸு பத்திக் கவலையே படாதீங்க. செலவு ஜாஸ்தி ஆவாது."

"ஜாஸ்தி ஆவாதுன்னா?"

"மொதல்ல ஓட்டிப் பாருங்க."

ராஜாங்கத்தின் காதில் இதெல்லாம் விழவில்லை. அவன் கதவைத் திறந்து திறந்து சாத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு 'டொம்'முக்கும் அவன் மனசுக்குள் மாமனார் ஊரே வாசலுக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்தது. முன்பு சிரித்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

"சடையா, எனக்கு ஒண்ணே ஒண்ணு. மலை ஏறணும். எங்க மாமனார் வூட்டு வாசல்ல போய் நிக்கணும். மலையடிவாரம் வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன். அப்பறந்தான் முடிவு."

"மலையா? ஜெர்மனிக்காரனுக்கு மலையப் பத்தி நாம சொல்லிக் குடுக்கணுமாங்க?"

5

இப்போது ரங்கம்மாள்.

தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். மிக்ஸியோ டி.வி.யோ, ராஜாங்கம் வீட்டுக்குள் எது வந்தாலும் அவள் குங்குமம் வைக்காமல் சுவிட்சைப் போட முடியாது. அன்றும் முன் யோசனையோடு மஞ்சப்பையுடன்தான் வந்திருந்தாள்.

எலவனாசூர்கோட்டையில் கோயில் பக்கமாகக் காரை நிறுத்திவிட்டு, ராஜாங்கமும் சடையனும் டீ குடிக்கப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ரங்கம்மாள் பையைத் திறந்தாள். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, கற்பூரம், நான்கு எலுமிச்சம்பழம்.

"அண்ணி, இன்னும் வாங்கவே இல்லியே" என்றாள் செவ்வந்தி.

"வாங்காத வண்டின்னு பாத்து லாரி மோதாம போவுமா? சும்மா இரு."

முன்னும் பின்னும் பம்பரில் சின்னச் சின்ன வட்டங்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் எது இருந்தாலும் சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவிகள் அவை. ரங்கம்மாளுக்கு அது தெரியாது. பொட்டு வைக்கத்தான் கம்பெனிக்காரன் அளவெடுத்து இடம் விட்டிருக்கிறான் என்று நினைத்து மனம் நெகிழ்ந்துபோனாள். "எந்த ஊர்க்காரனா இருந்தா இன்னா, பக்தி கீது பாரு" என்றபடி ஒவ்வொரு வட்டத்திலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள். முகப்பில் மாலை தொங்கியது. சக்கரத்துக்கு ஒன்றாகப் பழங்கள் அடியில் போயின.

திரும்பி வந்த ராஜாங்கம் மாலையைப் பார்த்து, "அக்கா, இன்னா இது?" என்று சிணுங்கினான். பழங்களை அவன் பார்க்கவில்லை. சடையன் பார்த்தான். பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

கார் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் அலறியது. பீப் பீப் பீப் என்று முன்னும் பின்னும் ஒரே கூச்சல். அதற்கு நடுவில் சக்கரங்களுக்கு அடியில் நான்கு முறை 'சதக்'.

"வாழ்த்துகள்ங்க!" என்று சடையன் கையை நீட்டினான்.

"இன்னாய்யா வாழ்த்து?"

"எலுமிச்சம்பழம் நசுங்கிடுச்சுங்களே. பூசை போட்ட வண்டிய இனிமே நான் யாருக்குங்க விப்பேன்? தாலியக் கட்டிட்டு, சும்மா கட்டிப் பாத்தேன்னு சொன்னா வுடுவாங்களா?"

ராஜாங்கம் பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். "கத்துது பாருடா. சாமி ஏறிடுச்சு."

(என் திட்டத்தில் எலுமிச்சம்பழம் கிடையாது. இந்த இடத்தில் ராஜாங்கம் நிதானமாக யோசித்து முடிவெடுப்பதாகத்தான் இருந்தது. ரங்கம்மாள் என்னையும் கேட்கவில்லை.)

6

கள்ளக்குறிச்சியைக் கடந்து, கச்சிராயபாளையமும் தாண்டினார்கள். பம்பரைத் துடைத்த பிறகு அலறல் நின்றிருந்தது. ராஜாங்கத்தின் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்தது. ஏசி காற்றில் அவன் மீசை—

(மீசையை விடுங்கள். முதல் வேகத்தடை வந்துவிட்டது.)

மலையடிவாரத்து ஊர்களில் வேகத்தடையை ஊர்க்காரர்களே கட்டுவதும் உண்டு. கட்டினால் சும்மா கட்ட மாட்டார்கள். கோயில் மேடை மாதிரி கட்டுவார்கள். முன் சக்கரம் ஏறி இறங்கியது. அடுத்து, கரகரவென்று காரின் வயிறு முழுக்கத் தேய்ந்தது. நால்வரும் பல்லைக் கடித்தார்கள். கார் மேட்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டது.

"வெயிட்டுங்க" என்றான் சடையன். "எறங்கிக்கினா தூக்கிக்கும்."

மூவரும் இறங்கினார்கள். கார் முனகிக்கொண்டே தாண்டியது. ஏறிக்கொண்டார்கள். கொஞ்ச தூரத்தில் அடுத்தது. இறங்கினார்கள், நடந்தார்கள், ஏறினார்கள். அதற்கடுத்த ஊரில் இரண்டு மேடுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் ஏறாமலே நடந்தார்கள். கார் முன்னால் ராஜாவைப் போல ஊர்ந்தது; பின்னால் சடையன், செவ்வந்தி, மஞ்சப்பையோடு ரங்கம்மாள்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் ஜன்னல் பக்கம் குனிந்து, "வண்டி ரிப்பேரா?" என்றார்.

"இல்ல. புதுசு" என்றான் ராஜாங்கம்.

"நல்ல கார்தாண்டா தம்பி" என்று பின்னாலிருந்து மூச்சு வாங்கினாள் ரங்கம்மாள். "நடக்குறதே தெரிய மாட்டேங்குது."

முதல் கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, ஒரு பெட்டிக்கடை ஓரமாகக் கார் நின்றது. மேலே மலை நீலமாக எழும்பியிருந்தது. ராஜாங்கம் இறங்கி, குனிந்து காரின் அடிவயிற்றைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்க்காமல் கேட்டான்: "உங்க ஊர் ரோட்டுல வேகத்தடை ஜாஸ்தியா?"

"எங்க வூட்டுக்குப் போற பாதையில ஒண்ணுமே கெடையாதுங்க" என்றாள் செவ்வந்தி. "பாதையே அப்டிதான் இருக்கும்."

7

கதையை இங்கே முடித்தாக வேண்டும். கைவசம் சில முடிவுகள் இருக்கின்றன.

ராஜாங்கம் காரை வாங்குகிறான். எப்படியோ தேய்த்துக்கொண்டே மேலே போகிறான். மாமனார் ஊரே வாய் பிளக்கிறது. (திரும்பி இறங்குவதை நான் எழுதமாட்டேன். அந்தக் காருக்கும் மனசு என்று ஒன்று இருக்கும்.)

அல்லது வாங்கவில்லை. ரங்கம்மாள் பெட்டிக்கடையில் வாங்கிய தண்ணீரால் மிச்சச் சந்தனத்தையும் கழுவி, பூசையை ரத்து செய்வதாகச் சாமியிடம் சொல்கிறாள். சடையன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சாமி என்ன சொன்னதென்று தெரியவில்லை.

அல்லது, என் வாசகர்களுக்குப் பிடித்தது: மலையிலிருந்து மாதனே இறங்கி வந்து, மருமகனைக் கட்டிப்பிடித்து, எல்லோரும் அழு— (மாதன் வர மாட்டார். வழக்கம். நானே அடிக்குறிப்புப் போட்டிருக்கிறேன்.)

ஆகவே காரைப் பற்றிய முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். வாங்கினால் உங்கள் பாடு, சடையன் பாடு.

எனக்கு வேறு வேலை வந்துவிட்டது. நான் எழுதாத ஒரு மலை பஸ் அந்தப் பெட்டிக்கடை எதிரில் வந்து நின்றிருக்கிறது. டிரைவர் டீ வாங்கிக்கொண்டிருக்கிறார். ஜன்னல்களில் மூட்டைகள், தலைகள், ஒரு சேவல்.

ராஜாங்கம் காரில் சாய்ந்துகொண்டு, "வேற கார் பாக்கலாம் செவ்வந்தி" என்று ஆரம்பித்தான். "ஒசரமா, ஜப்பான்காரனுது. இன்னும் ரெண்டு மாசத்துல…"

செவ்வந்தி அவன் கையைப் பிடித்தாள். நடுரோட்டில், அண்ணியும் புரோக்கரும் பார்க்க. ராஜாங்கம் பேச்சை நிறுத்திவிட்டான். நானும்தான்; இனி வருவது முழுக்க அவள் வார்த்தை.

"ஏங்க, எங்கப்பா நம்ம வூட்டுக்குள்ள வந்து ஒக்காந்து ஒரு வாய் சோறு தின்னணும். அதுக்கு நீங்க எங்கூட மேல வரணும். இன்னிக்கு, இந்த பஸ்ஸுல. வரீங்களா?"